முழுவியளம் என்ற சந்தை ஆய்வு

எண்பதுகளின் நடுப்பகுதியில், மொன்றியலில் எங்கள் முதல் குளிர்காலத்தில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் நான் தொழில் முயற்சி படிப்பித்தேன். மாணவர்கள் கிராமங்களிலிருந்து வந்த அகதி இளைஞர்கள். அவர்களில் உடற்குறை உள்ளவர்களும் இருக்க வேண்டும் என்பது பணம் தந்தவர்களின் நிபந்தனை. ஊரில் நான் வணிகக் கல்வி ஆசிரியை. ஐந்தொகையை நித்திரையிலும் சமப்படுத்துவேன். ஆனால் என் வாழ்நாளில் ஓர் இடியப்பத்தைக்கூட யாருக்கும் விற்றதில்லை. இதை நான் அந்த வகுப்பை ஒழுங்கு செய்த சமூக சேவகியிடம் சொன்னேன். அவர் கியூபெக்காரி, முப்பது வயதிருக்கும், எதைச் சொன்னாலும் மகிழ்ச்சியடைகிற சுபாவம். இதற்கும் மகிழ்ச்சியடைந்தார்.

முதல் வகுப்பில் கரும்பலகையில் பொருளியலின் முதல் பாடமாக 'கேள்வி, நிரம்பல்' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். சுவரோரம் போன வெந்நீர்க் குழாய் படாரென்று வெடித்ததுபோல ஒரு சத்தம் போட்டது. சூடேறும்போது அந்தக் குழாய்கள் அப்படித்தான் அடிக்கும் என்று இப்போது தெரியும். அன்று, கண்ணைத் திறந்தபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். என் மாணவர்கள் எல்லோரும் எனக்கு முன்னரே அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். வெளியே வர ஒருவருக்கும் அவசரமில்லை. குழாய் இரண்டாம் முறையும் அடித்தது. ஆகவே பாடத்தை அங்கேயே தொடங்கினேன்.

"கேள்வி கூடினால் விலை கூடும்," என்றேன்.

"ஆர் கேக்கிற கேள்வி, ரீச்சர்?" என்று என் தோளருகே குந்தியிருந்த வன்னிப் பெடியன் கேட்டான். "இமிகிரேசன்காரர் கேக்கிறதோ?"

"அது வேறை கேள்வி, தம்பி. இது சாமான் வேணுமெண்டு சனம் கேக்கிறது."

"அப்ப ஒருத்தரும் வாய் திறக்காட்டி எல்லாம் மலிவு."

யோசித்துப் பார்த்தால் அது பிழையில்லை. சரி என்றேன்.

என் மகள் மட்டும் மேலே கதிரையில் இருந்தாள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் அவளுடைய இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலை மடக்கி மேசைக்குள் புக அவளால் ஆகாது. அப்போது சமூக சேவகி கோப்பித் தட்டுடன் உள்ளே வந்தார். கதிரைகள் காலி, பாடம் மட்டும் கேட்கிறது. குனிந்து எங்களைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தட்டை வைத்துவிட்டுத் தானும் தவழ்ந்து வந்து எங்களோடு குந்தினார். அவருக்கு என் மகள் மேலேயிருந்து பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். அடுத்த கிழமை நாங்கள் போனபோது மேசைக்குக் கீழே ஒரு கம்பளம் விரித்திருந்தது.

மகளுக்கு அப்போது இருபது வயது. பிரெஞ்சு அவளுக்குத் தொலைக்காட்சியில் வந்தது. வந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருந்தாள். காலையில் சிறுவர் நிகழ்ச்சி, மதியம் சமையல், பின்னேரம் அழுகை நாடகம். ஆகவே அவளுடைய பிரெஞ்சில் மூன்றும் கலந்திருக்கும். மற்றவர்களுக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர ஒன்றும் தெரியாததால்தான் அவளை வகுப்புக்குக் கூட்டிப் போனேன்.

அவள் ஏன் வீட்டுக்குள் இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. எல்லோரும் தினமும் எதற்காவது புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்: வேலை கேட்க, வழக்கறிஞரைப் பார்க்க, விசாரணைக்கு. ஒருவர் நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே வருகிற ஆள்தான் முழுவியளம். நிறைகுடம் கொண்டு வருகிற சுமங்கலி நல்ல முழுவியளம். கால் ஊனமான பெண்ணும் கணவனை இழந்தவளும் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தோம். மாடிப்படியில் மகளைக் கண்ட சிலர், எதையோ மறந்ததுபோல நெற்றியில் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிப் போவார்கள். உள்ளே போய் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டால் தோஷம் கழியும் என்று கணக்கு. அவள் முதலில் சிரித்தாள். பிறகு படியிறங்குவதையே விட்டுவிட்டாள். வெளியே கூட்டிப் போகவே வேண்டிய நாட்களில் நான் முன்னால் இறங்கி, ஒவ்வொரு தட்டிலும் காதை வைத்துக் கேட்டு, எந்தக் கதவும் திறக்கும் சிலமன் இல்லையென்றால் கையைக் காட்டுவேன். அதன் பிறகு அவள் வருவாள். பார்ப்பவர்கள் நாங்கள் களவெடுக்க வந்ததாக நினைத்திருப்பார்கள்.

இந்த விஷயத்தில் என் வகுப்பின் வன்னிப் பெடியன் பெரிய சாத்திரி. நெல் விதைக்கிற குடும்பம். சூடடிக்கிற மெசினில் இடது கையின் இரண்டு விரல் போயிருந்தது. அதை உடற்குறை என்று பதியச் சொன்னபோது கோபித்துக்கொண்டு, "அது காயம், ரீச்சர்," என்றான். வகுப்புக்கு வரும்போது மகளைக் கண்டால் அவனுக்குப் பிரச்சினையில்லை, வருவதற்கு முழுவியளம் கிடையாது. போகும்போதுதான். வகுப்பு முடிந்ததும் அவள் முதலில் போகட்டும் என்று அவன் காத்திருப்பான். அவனுக்கு முன்னால் போய் அவன் முகத்தைக் கோணப்பண்ணுவானேன் என்று அவள் காத்திருப்பாள். அவன் கோட்டைப் போட்டுக் கழற்றிப் போடுவான். அவள் கரும்பலகையை அழித்துவிட்டு, அழித்த இடத்தை மறுபடி அழிப்பாள். தேவாலயக் காவலாளி வந்து விளக்கை அணைத்தால்தான் இருவரும், இருட்டில், ஒருவரையொருவர் பார்க்க முடியாத நிலையில், நிம்மதியாக வெளியேறுவார்கள்.

ஒருநாள் அவள் அவனிடம் நேராகவே கேட்டாள்: "அண்ணை, உங்கடை விரலை ஆர் எதிர்ல பாக்கிறது?"

"விரல் கணக்கில்லை," என்றான் அவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "தூரத்தில தெரியிற குறைதான் கணக்கு."

"அப்ப கையுறை போடாதேங்கோ. வெறுங் கையுறை விரல் ரெண்டும் காத்தில ஆடுறது தூரத்திலையே தெரியும்."

இதைக் கேட்டு வகுப்பே அதிர ஒருவன் சிரித்தான். அவன் மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். குண்டுச் சத்தத்தில் ஒரு காது முற்றாகப் போய், மற்றது பாதி. தனக்குக் கேட்கும் அளவுக்குத்தான் பேசுவான். அவன் இரகசியம் சொன்னால் தெருவுக்குக் கேட்கும்.

என்ன தொழில் செய்வது என்று பல கிழமை பேசினோம். வன்னிப் பெடியன் இங்குள்ள பிரெஞ்சில் 'அந்த்ரப்ரனர்' என்றால் கட்டடக் கொந்தராத்துக்காரர் என்று கேள்விப்பட்டுத்தான் வகுப்பில் சேர்ந்திருந்தான். ஒரு பாலமாவது கட்டாமல் போகமாட்டேன் என்று நின்றான். கடைசியில் மிளகாய்த்தூள் என்று முடிவாயிற்று. வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள். ஊருக்கு ஊர் வறுவல் வேறு என்று மட்டக்களப்புக்கும் வன்னிக்கும் ஒரு மாதம் சண்டை. ஜான்-டலோன் சந்தையின் ஓரத்தில் ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு மேசை போட இடம் வாங்கித் தந்தார் சமூக சேவகி. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும் என்றார். பிரெஞ்சில் அதன் பெயரைச் சொன்னார். மகள் 'சந்தை ஆய்வு' என்றாள்.

ஆய்வு என்ற சொல் மாணவர்களுக்குப் பிடிபடவில்லை. நான் எளிமையாக விளக்கினேன். "சந்தைக்கு வெளிக்கிட முதல், போற காரியம் சரிவருமோ சரிவராதோ எண்டு பாக்கிறது."

வகுப்பில் ஒரு வெளிச்சம் பரவியது. இருபது வருடம் படிப்பித்தும் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

"முழுவியளம்!" என்றான் வன்னிப் பெடியன். "அதை முதலே சொல்லியிருக்கலாமே, ரீச்சர். வெள்ளைக்காரருக்கும் முழுவியளம் இருக்கோ?"

"இல்லைத் தம்பி, இது வேறை..."

"மறுகா என்ன?" என்று மட்டக்களப்புப் பெடியன் முழங்கினான். "வெளிக்கிட முதல் பாக்கிறதெண்டா அதுதானே!"

அதன் பிறகு அந்த வகுப்பு என் கையில் இல்லை. யார் எதிரே வர வேண்டும், நிறைகுடமா பால் செம்பா, இங்கே பசு மாட்டுக்கு எங்கே போவது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இவ்வளவு சுறுசுறுப்பைக் கண்ட சமூக சேவகி கண் விரிய, அடிக்கடி காதில் விழுந்த சொல்லைப் பிடித்துக்கொண்டார். "மூலு... வியலாம்? அது என்ன?" என்று மகளைக் கேட்டார்.

மகள் ஒரு கணம் வன்னிப் பெடியனைப் பார்த்தாள். பிறகு, செய்தி வாசிப்பவரைப் போன்ற முகத்துடன், "சந்தை ஆய்வுக்கு எங்கள் மொழியில் உள்ள சொல்," என்று பிரெஞ்சில் சொன்னாள். "மிகப் பழைய சொல்."

அதற்குள் எனக்கும் அவ்வளவு பிரெஞ்சு விளங்கும். "பிள்ளை!" என்றேன்.

"நீங்கள் சொன்னதைத்தானே சொன்னனான், அம்மா," என்றாள்.

சமூக சேவகி உருகிப் போனார். ழகரத்தை அவருக்கு மகள் பழக்கினாள். நாக்கை மடித்து மடித்து அவர் வீட்டிலும் பயிற்சி செய்தார் போலும். இரண்டு கிழமையில் எங்கள் வன்னிப் பெடியனைவிடத் திருத்தமாகச் சொன்னார். காணும் தமிழர்களையெல்லாம் நிறுத்தி, "உங்கள் முழுவியளம் எப்படி?" என்று கேட்கத் தொடங்கினார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளைக்காரி மறித்து இப்படிக் கேட்டால் மனிதர் என்ன செய்வார்? "நீங்கள்தான், மதாம்," என்று சொல்லிவிட்டு ஓடினார்களாம்.

குளிர் விட்டு, சந்தை நாள் நெருங்கியது. சமூக சேவகி எல்லோருக்கும் பொறுப்புகள் பிரித்தார். வறுவலுக்கு மட்டக்களப்பு. பாரம் தூக்கவும் காசு வாங்கவும் வன்னி. நான் மேற்பார்வை. கடைசியாக மகளின் பக்கம் திரும்பி, இவ்வளவு அறிவுள்ள பிள்ளை வெறும் மொழிபெயர்ப்பாளராக இருப்பது சரியில்லை, உடற்குறை உள்ளவர்கள் முன்னணியில் நிற்க வேண்டும் என்பதே இந்தத் திட்டத்தின் நோக்கம் என்று ஒரு சிறு பேச்சுப் பேசினார். பிறகு பெரிய பிரெஞ்சு எழுத்தில் எழுதிய ஓர் அட்டையை அவள் சட்டையில் தன் கையால் குத்திவிட்டார். 'முழுவியளப் பொறுப்பாளர்.'

வெந்நீர்க் குழாய்கூட அடிக்கவில்லை.

"ரீச்சர்," என்றான் வன்னிப் பெடியன். "இது நடந்தா நாங்கள் துலைஞ்சம்."

அன்று வீட்டில் நான் மகளிடம் கெஞ்சினேன். நாளைக்கே போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லின் அர்த்தம் வேறு என்று விளக்கிவிடுகிறேன் என்றேன். எனக்கு முன்னால் விரிந்தது இதுதான்: சனிக்கிழமை காலை, பட்டப்பகலில், தெருவில் வைத்து அவர்கள் அவளைத் திட்டுகிறார்கள். வியாபாரம் படுத்துவிடுகிறது. படுத்ததற்குக் காரணம் நொண்டி என்று ஊரெல்லாம் கதை. அதன் பிறகு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அதை மறுபடி திறக்கப்பண்ண எனக்கு வழி தெரியாது. வெடிச்சத்தத்திலிருந்தும் கடலிலிருந்தும் காப்பாற்றிக் கொண்டுவந்த பிள்ளை. மாடிப்படியில் தோற்கக் கூடாது.

"மாற்றச் சொல்லாதேங்கோ," என்றாள் அவள். அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நாளும் சம்பளமில்லாமல், பேருமில்லாமல் இந்த வேலையைத்தானே செய்தனான். இப்ப பதவி தந்திருக்கினம்."

"பகிடி விடாதை, பிள்ளை. அவங்கள் ஏதும் சொன்னால்?"

"சொல்லட்டும். நீங்கள் எனக்கு முன்னாலை போய்ப் பாக்க வராதேங்கோ. அவ்வளவுதான்."

சனிக்கிழமை காலை. தூள் பைகளை ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. கட்டடத்தில் இருந்த இரண்டு குழந்தைத் தள்ளுவண்டிகளை இரவல் வாங்கி, பைகளை அடுக்கிப் போர்வையால் மூடியிருந்தோம். தேவாலயக் கதவைத் திறந்துகொண்டு வன்னிப் பெடியன் முதல் வண்டியைத் தள்ளியபடி வெளியே வந்தான். கீழே நடைபாதையில், கதவுக்கு நேர் எதிரே, ஊன்றுகோலை ஊன்றி, அட்டை பளபளக்க, மகள் நின்றாள். பக்கத்தில் சமூக சேவகி. பொறுப்பாளர் புறப்பாட்டைப் பார்வையிட வேண்டும் என்று அவரேதான் அங்கே நிறுத்தியிருந்தார்.

வன்னிப் பெடியன் வண்டியோடு பின்பக்கமாகவே உள்ளே போனான். கதவு மூடியது. உள்ளே போய் ஒரு கதிரையில் இருந்தான். ஒரு கோப்பை தண்ணீர் குடித்தான். எழுந்து கதவைத் திறந்தான். மகள் நின்றாள். மறுபடி உள்ளே. மறுபடி தண்ணீர்.

"பின்கதவாலை போவம்," என்றான் மூச்சு வாங்க.

கண்ணாடி வழியாக எங்கள் அசைவைக் கண்ட சமூக சேவகி, புறப்படும் இடம் மாறிவிட்டது என்று விளங்கிக்கொண்டு, மகளின் முழங்கையைப் பிடித்துக் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் விரைந்தார். நாங்கள் பின்கதவைத் திறந்தபோது இருவரும் அங்கே மூச்சிரைக்க நின்றார்கள். சமூக சேவகி கையசைத்து, "முழுவியளம் தயார்!" என்று பிசகில்லாத தமிழில் கூவினார்.

வன்னிப் பெடியன் தண்ணீர்க் குழாயடிக்குப் போனான்.

இப்படி முன்கதவும் பின்கதவுமாக எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் மட்டக்களப்புப் பெடியனுக்குப் பொறுமை போயிற்று. "இஞ்ச பார், நீ குடிக்கிற தண்ணியில வள்ளம் விடலாம். வாறியா, நான் போகவா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு, தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மகளைக் கடந்து போனான். கடக்கும்போது அவளைப் பார்த்துத் தலையாட்டினான், அவ்வளவுதான். வன்னிப் பெடியன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முருகா முருகா என்று வண்டியைத் தள்ளி ஒரு தபால் பெட்டியில் மோதினான். பயணம் தொடங்கியது.

நானும் மகளும் சமூக சேவகியும் பஸ்ஸில் போனோம். வழியில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு இளைஞர்கள் இரண்டு தள்ளுவண்டிகளைத் தள்ளிப் போவதைக் கண்டு கிரேக்கக் கிழவிகள் நிறுத்தி, குழந்தை முகம் பார்க்கப் போர்வையை விலக்கி, குனிந்து முத்தமிடப் போய்த் தும்மினார்களாம். ஒருத்தி அதற்குப் பிறகும் குழந்தைக்குச் சிலுவை போட்டுவிட்டுத்தான் போனாளாம்.

சந்தையில் மேசையை விரித்த உடனேயே வன்னிப் பெடியனின் முகம் மாறியது. காலையில் குடித்த தண்ணீர் அவ்வளவும் வேலையைக் காட்டியது. கழிப்பறை எங்கே என்று பிரெஞ்சில் கேட்கத் தெரியாது. மகளிடம் கேட்க மானம் விடவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றுவிட்டு, தக்காளிக்காரர்களுக்கும் பூக்காரர்களுக்கும் நடுவே ஓடி மறைந்தான். காசு வாங்க ஆளில்லை. மகள் எழுந்து அவன் இடத்தில் நின்றாள்.

மட்டக்களப்புப் பெடியன் கூவத் தொடங்கினான். தூளுக்குப் பிரெஞ்சுச் சொல்லை அகராதி பார்த்துத் தானாகவே கண்டுபிடித்திருந்தான். "பூத்ர்! நல்ல பூத்ர்! வீட்டில செய்த பூத்ர்!" சந்தையின் மறு கோடிக்கும் கேட்டிருக்கும். அந்தச் சொல் அந்த ஊர்த் தெருவில் வேறு ஒரு வெள்ளைத் தூளையும் குறிக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள்.

சீருடையைக் கண்டதும் மட்டக்களப்புப் பெடியன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றான். நான் கைப்பையைத் திறந்து எங்களிடம் இருந்த எல்லாக் கடதாசிகளையும் மேசையில் பரப்பினேன்: அகதி விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ்கள், என் ஆசிரியர் நியமனக் கடிதம், மகளின் அம்மைப்பால் அட்டை. அவை ஒவ்வொன்றிலும் மிளகாய்த்தூள் பட்டது. ஊரில் என் கணவரைக் கூட்டிப் போக வந்த சீருடைக்காரர்களிடமும் இப்படித்தான் கடதாசி கடதாசியாகக் காட்டினேன். அதற்கு மேல் நினைக்க எனக்கு முடியவில்லை.

மகள் மட்டும் பேசினாள். சமையல் நிகழ்ச்சிக்காரியின் அதே இழுவையோடு, இது மல்லி, இது சீரகம், இதை இவ்வளவு நேரம் வறுத்தால் இந்த நிறம் என்று ஆரம்பித்தாள். ஒரு பையைப் பிரித்து நீட்டினாள். மூத்த பொலிஸ்காரர் முகர்ந்தார். தன் மனைவி கோழிக்கு எதைப் போட்டாலும் ருசிக்கவில்லை என்றார். மகள் அழுகை நாடகத்தின் குரலில், "ஐயோ, பாவம்," என்றாள். அவர் உரக்கச் சிரித்தார். மட்டக்களப்புப் பெடியனிடம் கையை இறக்கலாம் என்றார். அவனுக்கு அது கேட்கவில்லை. நான் இறக்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, திட்டத்துக்குப் பணம் தந்த அலுவலகத்திலிருந்து ஒரு கழுத்துப்பட்டிக்காரரைச் சமூக சேவகி கூட்டி வந்தார். அவர் பொலிஸ்காரர்களைப் பார்த்தார், பரப்பிக் கிடந்த கடதாசிகளைப் பார்த்தார், எல்லாம் விற்பனைக்கு என்று நினைத்தாரோ என்னவோ, என் நியமனக் கடிதத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு, இந்தக் குழுவின் சந்தை ஆய்வு மிகப் பிரமாதம் என்று கேள்விப்பட்டேன், அதைப் பார்க்கலாமா என்று மகளிடம் கேட்டார்.

"பார்க்கலாம்," என்றாள் மகள். சட்டை அட்டையை நிமிர்த்திக் காட்டினாள். "நான்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஊன்றுகோலைப் பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். ஏதோ ஆழமான ஒன்று சொல்லப்பட்டுவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வன்னிப் பெடியன் திரும்பி வந்தபோது கண்ட காட்சி இது: கெட்ட முழுவியளத்துக்கு முன்னால் பொலிசும் அரசாங்கமும் வரிசையில் நின்று மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டிருந்தன. அவனுக்குள் ஏதோ ஒரு கணக்கு தலைகீழாகப் புரள்வது முகத்தில் தெரிந்தது. அவன் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. பக்கம் மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்து அவனுக்கு அகதி விசாரணை. விடிய எழும்பித் தலை முழுகி, நெற்றி நிறையத் திருநீறும், யாரோ தந்த பெரிய கோட்டுமாக எங்கள் கதவில் வந்து நின்றான்.

"ரீச்சர், தங்கச்சி நிக்கிறாவோ?" என்றான். அவளைத் தங்கச்சி என்று அவன் சொன்னது அதுதான் முதல் முறை. "ஒரு அஞ்சு நிமிசம். நான் படியிறங்கேக்கை கீழை நிண்டு எதிர்ல வந்தாக் காணும்."

அவனுக்குப் பின்னால் படியில் இன்னொருவர் நின்றார். வாகன ஓட்டுநர் பரீட்சைக்குப் போகிறவர். மகளைக் கண்டு நெற்றியில் தட்டித் திரும்பிப் போனவர்களில் அவரும் ஒருவர். எனக்கு முதலில் வந்தது, சொல்லப்போனால், பெருமை. என் பிள்ளையைத் தேடி வந்திருக்கிறார்கள். உள்ளே ஓடிப் போய் அவளுக்கு நல்ல சட்டை ஒன்று எடுத்து வைத்தேன்.

அவள் ஏற்கனவே உடுத்திக்கொண்டு நின்றாள். அன்று டவுன்டவுனில் ஓர் அகதி உதவி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலைக்கு அவளைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். சமூக சேவகி சொல்லிவிட்ட இடம். அதை அவள் எனக்கு அதற்கு முதல் நாள்தான் சொன்னாள். நான் இரவெல்லாம் மெட்ரோவின் நகரும் படிகளைப் பற்றியே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அவள் கதவருகே வந்து அவனைப் பார்த்தாள்.

"அண்ணை, அண்டைக்கு என்னைக் கண்டு தண்ணி குடிச்சியள். இண்டைக்கு என்னைக் காண வந்து நிக்கிறியள். நான் என்ன பல்லியே?"

"அப்பிடியில்லை, தங்கச்சி. உங்கடை ராசி அப்பிடி..."

"எனக்கு ராசியும் இல்லை, கோதாரியும் இல்லை. எனக்கு ஒன்பதரைக்கு வேலை விசயமா ஆளைப் பாக்கோணும்." கோட்டைப் போட்டாள். "நானும் டவுன்டவுன் தான் போறன். வாறதெண்டாப் பக்கத்தில வாங்கோ."

அவன் தடுமாறினான். "பக்கத்தில வந்தா அது முழுவியளம் இல்லையே."

"இல்லை."

"அப்ப அது என்ன?"

"கூட வாற ஆள்," என்றாள்.

பரீட்சைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன்பாட்டில் இறங்கிப் போய்விட்டார். நான் வழக்கம்போல முன்னால் இறங்கப் போனேன். மகள் ஊன்றுகோலைக் குறுக்கே வைத்தாள். கோபமாக அல்ல. பஸ்ஸின் கதவு தானாக மூடுவது போல.

ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் அவர்கள் சேர்ந்துதான் போனார்கள். கொஞ்சத் தூரம் போனதும் வன்னிப் பெடியன் எட்டி நடந்து முன்னால் போய், 'தெப்பனர்' என்கிற சில்லறைக் கடை ஒன்றின் வாசலில் சட்டென்று திரும்பி, தற்செயலாக வருவதுபோல அவளுக்கு எதிரே வந்தான். அவள் கடைக் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் மறுபடி முன்னால் ஓடினான். மறுபடி எதிரே வந்தான். அவள் இந்தமுறை அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். மூன்றாம் முறை அவன் ஓட எத்தனித்தபோது, தன் கைப்பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். பெண்பிள்ளையின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு தெருவில் தனியே ஓடுவது எப்படி? அவன் அவளுடைய நடைக்கு நடையைக் குறைத்துப் பக்கத்தில் நடந்தான். மூலையில் திரும்பும் வரை அவன் அப்படியே போனான்.

அவனுடைய விசாரணையை அன்று ஒத்திவைத்துவிட்டார்கள். ஆகவே அவளுடைய ராசி நல்லதா கெட்டதா என்று எங்கள் கட்டடத்தில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மகளிடம் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை மூன்றாம் தட்டில் ஒரு கதவு திறந்தது, யாரோ வெளியே வந்தார்கள். மகளின் ஊன்றுகோல் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் குரல் கேட்டது: "வழி விடுங்கோ, அண்ணை, எனக்கு நேரம் போகுது." தோஷம் கழிக்கத் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் வருகிறதா என்று நான் கொஞ்ச நேரம் கதவடியில் நின்று கேட்டேன். பிறகு, வேலைக்குப் போன பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிடும் என்று நினைத்துப் பயப்படத் தொடங்கினேன்.